ஆட்டிசமும் அனோரெக்சியாவும் சேர்ந்திருந்தால்: வீட்டார் துணை நிற்பதற்கான முழுமையான வழிகாட்டி

சாப்பாட்டைக் கடுமையாகக் குறைத்து உடலை ஆபத்தான அளவுக்கு மெலிய வைக்கும் நோயான அனோரெக்சியாவுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரைகளில் ஒன்று, "பிடிவாதப் பழக்கங்களை உடையுங்கள்" என்பது. ஒரே தட்டு, ஒரே நேரம், ஒரே உணவு எல்லாமே நோயின் வேலை என்று கருதி அவற்றை மாற்றச் சொல்வார்கள். ஆட்டிசம் (புலன் உணர்வும் பழகும் விதமும் பிறவியிலேயே வேறுபட்டிருக்கும் நிலை) உள்ளவருக்கு அந்த ஒரே தட்டுதான் சாப்பிடவே முடிகிற வழியாக இருக்கும். அதைப் பிடுங்கிவிட்டு, கூடுதலாகவும் சாப்பிடு என்றால் இரண்டும் நடக்காது. வீட்டார் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் உடலைப் பாதுகாக்க வேண்டும். அடுத்து சாப்பிடும் சூழலின் தொல்லைகளைக் குறைக்க வேண்டும். அதன் பிறகு அளவு. வகை கடைசியில்தான். கீழே உள்ள படிகள் இந்த வரிசையில் இருக்கின்றன. படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

1. சமையலறைக்கு முன் டாக்டர்

வீட்டில் எந்தத் திட்டமும் தொடங்குவதற்கு முன் உடல் பரிசோதனை கட்டாயம். படுத்த நிலையிலும் எழுந்து நின்ற பிறகும் ரத்த அழுத்தமும் நாடியும் பார்க்க வேண்டும். உடல் வெப்பம், இசிஜி, ரத்தத்தில் சர்க்கரை, சோடியம், பொட்டாசியம், பாஸ்பேட், மக்னீசியம், கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகள் வேண்டும். பாஸ்பேட்டும் மக்னீசியமும் வழக்கமான ரத்தப் பரிசோதனைப் பட்டியலில் பெரும்பாலும் இருக்காது. பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ரத்த ரிப்போர்ட் சரியாக இருந்தால் ஆபத்தில்லை என்று அர்த்தமில்லை. உடல் கடைசி வரை ரத்த அளவுகளைச் சமாளித்துக் காட்டும். பிரிட்டனின் மனநல மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2022ல் வெளியிட்ட வழிகாட்டுதல் கீழ்க்கண்டவற்றை உயர் ஆபத்தாக எண்ணுகிறது: விழித்திருக்கும்போது நாடி நிமிடத்துக்கு 40க்குக் கீழே போவது, எழுந்து நின்றதும் மேல் ரத்த அழுத்தம் 20க்கு மேல் இறங்கி மயக்கம் வருவது, ஏற்கெனவே மெலிந்தவர் தொடர்ந்து 2 வாரம் வாரத்துக்கு 1 கிலோ அல்லது அதற்கு மேல் இழப்பது, குந்தி உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியாமல் போவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். தண்ணீரையும் மறுத்தால், நெஞ்சு படபடத்தால், மயங்கி விழுந்தால் காத்திருக்கவே கூடாது. தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990, பிரிட்டனில் 999. நாடி 40க்கும் 50க்கும் இடையில் இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள்.

இங்கே ஆட்டிசத்தால் வரும் ஒரு சிக்கல் உண்டு. பசி, தாகம், தலைசுற்றல், வலி போன்ற உடலின் உள் அறிகுறிகளைப் பலரால் சரியாக உணரவோ சொல்லவோ முடியாது. "மயக்கமா இருக்கா?" என்றால் "இல்லை" என்பார். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை, அவருக்கு அது தெரியவில்லை. அதனால் கேட்பதை விட்டு அளந்து பாருங்கள். டிஜிட்டல் ரத்த அழுத்தக் கருவி ஒன்று வாங்கி, டாக்டர் சொன்ன நாட்களில் ஒரே நேரத்தில் பார்த்து எழுதி வையுங்கள்.

5 நாட்களுக்கு மேல் மிகக் குறைவாகவே சாப்பிட்டு வந்தவருக்குத் திடீரென உணவு கூடும்போது, பாஸ்பேட்டும் பொட்டாசியமும் ரத்தத்திலிருந்து சட்டென்று செல்களுக்குள் போய்விடும். இதயம் பாதிக்கப்படலாம். முதல் ஒன்றிரண்டு வாரங்கள்தான் அதிக ஆபத்து. கால் வீக்கம், மூச்சிரைப்பு, குழப்பம், படபடப்பு வந்தால் அவசரம். தொடக்க அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும், தயமின் (வைட்டமின் பி1) மாத்திரை வேண்டுமா என்பதையும் சேர்த்து. இதற்குப் பயந்து நீங்களாகவே மிகக் குறைவாகக் கொடுத்துக்கொண்டிருப்பதும் ஆபத்துதான்.

ஆட்டிசம், அனோரெக்சியா இரண்டிலும் தற்கொலை எண்ணம் வரும் வாய்ப்பு அதிகம். நேரடியாகவே கேளுங்கள்: "செத்துப்போகணும்னு நினைப்பு வருதா?" கேட்பதால் எண்ணம் விதைக்கப்படாது. சுற்றி வளைத்துக் கேட்டால் ஆட்டிசம் உள்ளவருக்குக் கேள்வியே புரியாமல் போகும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், அன்றே மனநல டாக்டரிடம் பேசுங்கள். இந்தியாவில் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இலங்கையில் 1926 ஆகிய எண்களில் எந்த நேரமும் பேசலாம்.

2. ஒரு பக்கத் தாள் தயார் செய்யுங்கள்

உடலைப் பார்க்க ஒரு பொது மருத்துவர் அல்லது குழந்தை மருத்துவர், ஒரு மனநல மருத்துவர், ஒரு டயட்டீஷியன். குறைந்தது இந்த மூவர் தேவை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மூன்றும் ஒரே வளாகத்தில் கிடைக்கும். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் சிரமமின்றிச் செய்யப் பயிற்சி தருபவர்) கிடைத்தால் புலன் தொல்லைகளுக்குப் பேருதவி.

ஒவ்வொரு டாக்டரிடமும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருந்தால் ஏதாவது விட்டுப்போகும். அவரும் களைத்துப்போவார். அதனால் அவருடன் உட்கார்ந்து ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். என்ன ஒளி, ஒலி, வாசனை தாங்காது, தொடுவதற்கு முன் சொல்ல வேண்டுமா, பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், பேச்சு நின்றுபோனால் எழுதிக் காட்டலாமா, எந்தச் சொற்கள் புண்படுத்தும், சாப்பிட முடிகிற உணவுகள் எவை, பதற்றம் ஏறும்போது வெளியே எப்படித் தெரியும். இரண்டாவது பக்கம் போகாதீர்கள், யாரும் படிக்கமாட்டார்கள்.

ஆட்டிசம் இன்னும் உறுதிசெய்யப்படாதவர் என்றால், சான்றிதழ் வரும்வரை இந்த மாற்றங்களைத் தள்ளிப்போடத் தேவையில்லை. இவற்றால் கெடுதல் இல்லை.

3. எது நோய், எது ஆட்டிசம்: பிரித்து எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். இது இல்லாமல் செய்யப்படும் எல்லாம் குருட்டாம்போக்கு.

பட்டினி யாரையும் இறுக்கமானவராக, ஒதுங்கியவராக மாற்றும். ஆட்டிசமே இல்லாதவரும் எடை இழந்தபின் ஒரே உணவு, ஒரே நேரம் என்று ஆகிவிடுவார். அதனால் இன்றைய நடத்தையை வைத்து முடிவு செய்யாதீர்கள். எடை குறையத் தொடங்கியதற்கு முந்தைய காலத்தைப் பாருங்கள். பாட்டியிடம் கேளுங்கள், பழைய வீடியோக்கள், பள்ளிக் குறிப்புகளைப் பாருங்கள்.

ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்.

முதல் பத்தி, நோய்க்கு முன்பே இருந்தவை. மூன்று வயதிலிருந்தே சாம்பார் சாதத்தைப் பிசைந்து கொடுத்தால் குமட்டும், கத்தரிக்காயின் வழவழப்பு ஆகாது, கையால் சாப்பிட்டால் விரலில் ஒட்டுவது தாங்காது. இவை ஆட்டிசம். மதியுங்கள், மாற்ற முயலாதீர்கள்.

இரண்டாவது, எடை குறையத் தொடங்கியபின் வந்தவை. நெய்யை நிறுத்தியது, பெரிய தட்டிலிருந்து சின்னத் தட்டுக்கு மாறியது, பால் குடித்துக்கொண்டிருந்தவர் தண்ணீர்ப்பால் கேட்பது, சாப்பிட்ட உடனே மாடிப்படி ஏறி இறங்குவது. இவை நோய். இவற்றுக்கு இடம் கொடுக்கக் கூடாது.

மூன்றாவது பத்திதான் பலரும் தவறவிடுவது. நோய் உருவாக்கிய விதியை ஆட்டிசம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் இடம் அது. பள்ளியில் "எண்ணெய் உடம்புக்குக் கெடுதல்" என்று பாடம் நடந்திருக்கும். மற்ற பிள்ளைகள் வீட்டுக்கு வந்து வடை சாப்பிட்டிருப்பார்கள், இவர் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டிருப்பார். "மாலை 6 மணிக்கு மேல் சாப்பிடக் கூடாது" என்று செல்போனில் யாரோ சொன்னது இன்று மாறாத விதி. இதை வாதாடி உடைக்க முடியாது. விதிக்குப் பதில் இன்னொரு விதிதான் வேலை செய்யும். டயட்டீஷியன் கையெழுத்தோடு, காரணத்தோடு, எழுத்தில்: "உன் உடல் எடை மீளும்வரை இரவு 8 மணிக்குச் சாப்பாடு உண்டு. இரவிலும் இதயமும் மூளையும் வேலை செய்ய ஆற்றல் வேண்டும்."

ஒரு எச்சரிக்கை. சிலருக்கு "குண்டாகிவிடுவேன்" என்ற பயமே பெரிதாக இருக்காது. வயிறு நிறையும் உணர்வைத் தாங்க முடியாது, அல்லது பட்டினியின் மரத்துப்போன நிலை அமைதி தருகிறது என்பார்கள். எடைப் பயமே இல்லாமல், உணவின் தன்மை தாங்காமல் ஒதுக்குவதற்கு ஆர்ஃபிட் என்று தனிப் பெயர் உண்டு. ஆர்ஃபிட், அனோரெக்சியா இரண்டின் அறிகுறிகளும் சேர்ந்தும் வரலாம். பெயர் எதுவாக இருந்தாலும் பட்டினியால் உடலுக்கு வரும் கேடு ஒன்றுதான். "உடல் தோற்றம் பற்றிக் கவலை இல்லையே, அப்புறம் என்ன" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

4. சாப்பிடும் இடத்தைச் சரிசெய்யுங்கள்

அளவைத் தொடுவதற்கு முன் ஒரு வாரம் இதைச் செய்யுங்கள். தொல்லை குறைந்தால் அதே உணவை முடிக்க வேண்டிய போராட்டமும் குறையும். அதே வாரத்தில் டாக்டர் சொன்ன தொடக்க அளவு ஓட வேண்டும், அது நிற்கக் கூடாது.

தாளிப்பு வாசனை வீட்டில் தங்கும். கடுகும் மிளகாயும் தாளிப்பதைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். மிக்ஸியும் குக்கர் விசிலும் அவர் சாப்பிடும் அரை மணியில் வேண்டாம். எவர்சில்வர் தட்டில் கரண்டி உரசும் சத்தம் பலருக்கு ஊசி குத்துவது மாதிரி. பீங்கான் அல்லது மெலமைன் தட்டு, மர ஸ்பூன் கொடுத்துப் பாருங்கள். டியூப் லைட்டுக்குப் பதில் மங்கலான விளக்கு. பக்கத்தில் மற்றவர் மெல்லும் சத்தம் தாங்கவில்லை என்றால் ஹெட்போன் போடட்டும். சாதம், குழம்பு, பொரியல் ஒன்றை ஒன்று தொடாமல் இருக்க அறைகள் உள்ள தட்டு. கையால்தான் சாப்பிட வேண்டும் என்ற கட்டாயம் வேண்டாம்.

லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையில் இத்தகையோருக்காக உருவாக்கிய பீஸ் என்ற சிகிச்சை முறையில், நிறமும் மணமும் குறைந்த, தன்மை மாறாத உணவுகளைக் கொண்ட தனிப் பட்டியலே வைத்தார்கள். சத்தில் அது வழக்கமான பட்டியலுக்குச் சமம். இட்லி, தயிர்சாதம், இடியாப்பம், பால், வாழைப்பழம், வெண்பொங்கல் என்று நம் வீட்டிலும் அப்படி ஒரு பட்டியல் போடலாம். வெள்ளையாகவே சாப்பிடுகிறாரே என்று இந்தக் கட்டத்தில் கவலைப்படாதீர்கள்.

5. அட்டவணையை எழுத்தில் வையுங்கள்

மூன்று வேளை உணவு, இடையில் இரண்டு அல்லது மூன்று சிற்றுணவு. இடைவெளி 3 மணி நேரத்துக்குள். "பசிச்சா சாப்பிடு" என்ற பேச்சுக்கே இடமில்லை, ஏனென்றால் பசி என்ற அறிகுறி இப்போது நம்பத் தகுந்ததில்லை. சிலருக்கு அது எப்போதுமே இருந்ததில்லை. கடிகாரம்தான் பசி.

"கொஞ்சம் சாப்பிடு", "இன்னும் ஒரு வாய்", "வயிறு நிறையச் சாப்பிடு" இவற்றுக்கு அளவே கிடையாது. ஒரு வாய் என்றீர்கள், சாப்பிட்டார், பிறகு இன்னொரு வாய் என்றால் நீங்கள் ஏமாற்றியதாகத்தான் அவருக்குப் படும். ஒரு வாரத்துக்கான அட்டவணையை ஞாயிற்றுக்கிழமையே எழுதி ஒட்டுங்கள். என்ன, எத்தனை, எத்தனை மணிக்கு, யார் சமைக்கிறார். இட்லி 3 என்றால் எப்போதும் அதே இட்லித் தட்டு. சட்னி எந்தக் கரண்டி, பால் எந்த டம்ளர் என்பதும் மாறக் கூடாது. எண்ணிக்கையை டயட்டீஷியன் நிர்ணயிக்கட்டும். கிராம் தராசைச் சமையலறையிலிருந்து எடுத்துவிடுங்கள், அது எண்ணும் பழக்கத்தைத் தீனி போட்டு வளர்க்கும். பாத்திர அளவிலேயே துல்லியம் போதும்.

ஒவ்வொரு உணவுக்கும் ஒரு மாற்றும் எழுதுங்கள். தோசை மாவு புளித்துவிட்டால் என்ன, வழக்கமான பிராண்ட் பிஸ்கட் கடையில் இல்லாவிட்டால் என்ன என்று அந்த நேரத்தில் யோசித்தால் அந்த வேளையே போய்விடும். பாக்கெட்டின் நிறம் மாறினாலே சிலர் தொடமாட்டார்கள். அதனால் முக்கியமானவை இரண்டு வாரத்துக்கு இருப்பு வையுங்கள்.

இனி, வீடுகளில் அன்பால் செய்யப்படும் மிகப் பெரிய தவறு. தெரியாமல் நெய் ஊற்றுவது, மாவில் சத்துப்பவுடர் கலப்பது. நுண்ணிய சுவை வேறுபாட்டையும் கண்டுபிடிக்கக் கூடியவர் இவர். ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால், பாதுகாப்பான பட்டியலில் இருந்த அந்த உணவு நிரந்தரமாகப் போகும். உங்கள் கையால் எது கொடுத்தாலும் சந்தேகம் வரும். நெய் சேர்க்க வேண்டுமா? "இந்த வாரத்திலிருந்து மதியச் சாதத்தில் ஒரு டீஸ்பூன் நெய்" என்று அட்டவணையில் எழுதிச் சேருங்கள். சண்டை வரும். ஆனால் நம்பிக்கை மிஞ்சும்.

அளவைக் கூட்டுவதும் இப்படித்தான். ஒரே நாள், உதாரணமாக ஒவ்வொரு திங்களும், முன்கூட்டியே சொல்லி. உணவு மாறாது, எண்ணிக்கை மட்டும் மாறும்.

6. சாப்பாட்டு வேளை

10 நிமிடம் முன்பு ஒரு அறிவிப்பு: "பத்து நிமிஷத்துல சாப்பாடு." வேளை வந்ததும் "மணி எட்டு. இட்லி மூணு, தயிர் ஒரு கிண்ணம்." அவ்வளவுதான். பிரதான வேளைச் சாப்பாட்டுக்கு 30 நிமிடம், சிற்றுணவுக்கு 15 நிமிடம் என்று பொதுவாக வைப்பார்கள். மெல்லுவதும் விழுங்குவதும் கடினமானவருக்கு 40, 45 என்று டாக்டரோடு பேசி நீட்டலாம், ஆனால் முடியும் நேரம் என்று ஒன்று இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் மணல்கடிகாரமோ டைமரோ உதவும். முடியாமல் மிஞ்சினால் என்ன என்பதும் முன்பே எழுதியிருக்க வேண்டும். பெரும்பாலும் டயட்டீஷியன் சொல்லும் ஊட்டச்சத்துப் பானம்.

கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லாதீர்கள். பேசாமல் சாப்பிட்டால் கோபம் என்று நினைக்காதீர்கள். அவருக்குப் பிடித்த ஒன்றை, ரயில் வீடியோவோ வரைபடமோ எதுவோ, பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். மூன்று பேர் மாற்றி மாற்றிச் சொல்லக் கூடாது. ஒரு வேளைக்கு ஒரே ஆள், ஒரே வாக்கியம், அமைதியான குரல். "எனக்காகச் சாப்பிடும்மா", "பார், அப்பா அழறார்" என்பவை அவரைச் சாப்பிட வைக்காது. பதற்றத்தைக் கூட்டி வாயை மூட வைக்கும்.

"சமத்து, நல்லா சாப்பிட்டே" என்ற பாராட்டும் சிலருக்கு நஞ்சு. நிறையச் சாப்பிட்டுவிட்டேன் என்று நேர்ப்பொருளில் புரிந்துகொள்வார். "முடிஞ்சது. இப்ப ஊஞ்சல்" என்று அடுத்த வேலைக்குப் போங்கள்.

சாப்பிட்ட பின் பிரதான வேளைக்கு ஒரு மணி நேரம், சிற்றுணவுக்கு அரை மணி நேரம் துணைக்கு உட்காருங்கள். வாந்தி எடுப்பதையும் ஓடியாடுவதையும் தடுக்க மட்டுமல்ல, வயிறு நிறைந்த உணர்வு உச்சத்தில் இருப்பது அப்போதுதான். பட்டினிக்குப் பின் இரைப்பை மெதுவாகவே காலியாகும். உப்புசமும் மலச்சிக்கலும் சில வாரங்கள் இருக்கும். இதை முன்கூட்டியே, படம் வரைந்து, உண்மையாகச் சொல்லுங்கள். தளர்வான உடை, வெந்நீர்ப் பை, கையில் அழுத்திப் பிடிக்க ஏதாவது.

7. எடை பார்ப்பது

வாரம் ஒரு முறை, அதே கிழமை, அதே நேரம், அதே இயந்திரம், அதே மெல்லிய உடை, சிறுநீர் கழித்தபின். எண்ணை அவருக்குக் காட்டுவதா வேண்டாமா என்பதை டாக்டரோடும் அவரோடும் பேசி ஒருமுறை முடிவு செய்யுங்கள். சிலருக்கு எண் பதற்றம் தரும், சிலருக்கு எண் தெரியாத நிச்சயமின்மையே பெரிய பதற்றம். எப்படி முடிவு செய்தாலும் வாரத்துக்கு வாரம் மாற்றாதீர்கள். எடை இயந்திரம் உங்கள் அலமாரியில் பூட்டப்பட்டு இருக்கட்டும்.

8. அசைவு: எதை நிறுத்த வேண்டும், எதை விட வேண்டும்

முன்னும் பின்னும் ஆடுவது, கையை உதறுவது, அறைக்குள் நடப்பது எல்லாம் அவர் தன்னை அமைதிப்படுத்திக்கொள்ளும் வழி. அதையும் உடற்பயிற்சி என்று தடுத்தால் வேறு வழியில்லாமல் வெடிப்பார். பார்க்க வேண்டியது: எண்ணிச் செய்கிறாரா, சாப்பிட்ட பிறகு கூடுகிறதா, நோய்க்கு முன்பு இருந்ததா. எண்ணிக்கையோடு, உணவுக்கு ஈடாகச் செய்யப்படுவது நோய். நாடி குறைவாக இருக்கும்போது எந்த அசைவானாலும் டாக்டர் சொன்ன எல்லைக்குள்தான். உட்கார்ந்தபடி ஆட ஊஞ்சலோ ஆடும் நாற்காலியோ கொடுங்கள். கனமான போர்வை மிக மெலிந்தவருக்கு மூச்சை அழுத்தலாம், கேட்காமல் போர்த்த வேண்டாம்.

9. எடை ஏறும்போது நிலை மோசமாகத் தெரிந்தால்

பட்டினி புலன்களையும் உணர்ச்சிகளையும் மங்க வைக்கிறது. பலர் அதனாலேயே அதை விடமுடியாமல் இருந்தார்கள். உணவு உடலில் சேரச் சேர ஒலி, ஒளி, வாசனை, துக்கம் எல்லாம் பழைய கூர்மையோடு திரும்பும். வீட்டார் "சாப்பிட ஆரம்பிச்சதும் ரொம்ப மோசமாயிட்டா" என்று பயந்து அளவைக் குறைப்பது இந்தக் கட்டத்தில்தான். அளவைக் குறைக்காதீர்கள். புலனுக்கான உதவியைக் கூட்டுங்கள்: நாளில் இரண்டு முறை இருட்டறை ஓய்வு, ஹெட்போன், விருந்தாளி குறைப்பு, பள்ளிக்கோ வேலைக்கோ அரை நாள். "சத்தம் இப்ப அதிகமாக் கேக்கும். மூளைக்குத் தீனி கிடைக்குதுன்னு அர்த்தம்" என்று எடை ஏறும் முன்பே சொல்லி வையுங்கள். எதிர்பாராதது என்பதுதான் இவருக்குப் பாதிக் கொடுமை.

10. வகையைக் கூட்டுவது

எடையும் நாடியும் சீராகி, டாக்டர் சரி என்று சொன்ன பிறகே. இரண்டாம் பத்தியில் எழுதிய, முன்பு சாப்பிட்டு நோயால் விட்ட உணவுகளிலிருந்து தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்று. தட்டில் உள்ள அளவோடு கூடுதலாக ஒரு சிறு துண்டு, ஏற்கெனவே உள்ளதற்குப் பதிலாக அல்ல. முதல் பத்தியில் உள்ள கத்தரிக்காயை விட்டுவிடுங்கள். கத்தரிக்காய் இல்லாமல் ஆரோக்கியமாக வாழலாம்.

11. விரதம், விசேஷம், உறவினர்

ஏகாதசி, சஷ்டி, தவக்காலம், ரமலான் எதுவானாலும் சிகிச்சைக் காலத்தில் நோன்பு இல்லை. நோய்க்கு அது மரியாதையான மறைவிடம். உடல்நலமில்லாதவருக்கு விலக்கு உண்டு என்பதை அவர் மதிக்கும் குருக்களோ பாதிரியாரோ இமாமோ நேரில் சொன்னால் புதிய விதியாக ஏற்பார். வீட்டில் மற்றவர் டயட் பேசுவதும் நிற்க வேண்டும்.

கல்யாணப் பந்தியில் உட்கார வைக்காதீர்கள். வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போய், முகூர்த்தம் பார்த்துவிட்டுத் திரும்பலாம். "என்னடி இப்படித் துரும்பா இளைச்சுட்டே", "இப்பதான் கன்னம் வெச்சிருக்கு" என்று பேசக்கூடிய அத்தைகளுக்கு முந்தின நாளே போன் செய்து, உடம்பைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தையும் வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

12. சறுக்கல் வரும் நாட்கள்

பொதுத்தேர்வு, கல்லூரி விடுதி, வீடு மாறுவது, சமைக்கும் ஆள் மாறுவது, பிடித்த உணவின் தயாரிப்பு நிற்பது. வழக்கம் உடையும் இந்த இடங்களில்தான் நோய் திரும்பி நுழையும். இவை வருவதற்கு ஒரு மாதம் முன்பே அட்டவணையைப் புதிதாக எழுதுங்கள், விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தை ஆளில்லாத நேரத்தில் ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். உங்கள் மூன்றுபத்தி நோட்டில் கடைசிப் பக்கத்தில், அவருக்கு முதலில் மாறியது எது என்று எழுதி வையுங்கள். ஒருவருக்குக் காலைப் பாலில் மிச்சம், இன்னொருவருக்கு மீண்டும் சின்னத் தட்டு. அது தெரிந்த அன்றே பழைய அட்டவணைக்குத் திரும்பி, அந்த வாரமே எடையும் நாடியும் பார்க்க டாக்டரிடம் நேரம் வாங்குங்கள்.